மாமன் போட்ட ஒப்பு

கேரள எல்லையில் எங்கள் மீனாட்சிபுரம் பக்கத்தில் கையெழுத்தை ஒப்பு என்றுதான் சொல்வோம். வீட்டில் பேசுவது தமிழ், ஆபீசில் கேட்பது மலையாளம் என்று இருந்ததால், சர்க்கார் சம்பந்தப்பட்டதற்கெல்லாம் மலையாளச் சொல்லே வாயில் ஒட்டிக்கொண்டது. நான் காலேஜில் சேர்ந்த வருஷம், சித்தூர் தாலுகா ஆபீசில், என் தாய்மாமன் எனக்காக ஓர் ஒப்புப் போட்டார்.

அப்போது சர்க்காரில் கடன் உதவித்தொகை என்று ஒன்று இருந்தது. படிக்கும்போது பணம் தருவார்கள். படிப்பு முடிந்து சிறிது காலத்தில், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், தவணை தவணையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு ஜாமீன் நிற்கிறவருக்குத் தன் பேரிலேயே நிலம் இருக்க வேண்டும். அப்பாவின் நிலம் அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரியாமல் கிடந்தது. பேங்குக்கும் ஆகாது, ஜாமீனுக்கும் ஆகாது. பெரியப்பாவிடம் போய்க் கேட்டால், பொட்டப் பிள்ளைக்குக் கடன் வாங்கிப் படிப்பு எதற்கு என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

அம்மாவின் ஒரே தம்பி என் மாமா. சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்தவர். அம்மாதான் தன் கல்யாணத்துக்குப் பிறகும் கூட வைத்துக்கொண்டு வளர்த்தாள். அவர் பங்கு நிலமும் கிணறும் அவர் பேரிலேயே இருந்தன. எனக்கும் அவருக்கும் எட்டு ஒன்பது வயது வித்தியாசம் இருக்கும். பக்கத்துத் தோட்டத்தில் தனியாகக் குடியிருந்து மாடு வளர்த்துக்கொண்டிருந்தார். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய ஒரு செவலைக் கலப்பினப் பசு அவருக்கு உயிர். அது தண்ணீர் குடிக்கவில்லை என்றால் அவரும் காப்பி குடிக்கமாட்டார்.

விஷயம் காதில் விழுந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"மச்சான், எங்க ஒப்புப் போடோணும்னு சொல்லுங்க. நான் போடறேன்."

தாலுகா ஆபீசுக்கு நானும் கூடப் போயிருந்தேன். அங்கிருந்த குமாஸ்தா, இந்தப் பெண் கட்டாவிட்டால் நீங்கள்தான் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் உங்கள் சொத்தை ஜப்தி செய்வார்கள், புரிந்ததா என்று மலையாளத்தில் கேட்டார்.

"புரியுதுங்க," என்றார் மாமா. "ஆனா அவ கட்டுவாளுங்க."

எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் அவர். ஒப்புப் போடும்போது நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக நட்டுவைப்பதுபோல எழுதினார்.

ஊர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவது சாதாரணம். மாமனே முன்வந்து ஒப்புப் போட்டுவிட்டான், இனி முகூர்த்தம் ஒன்றுதான் பாக்கி என்று பேசிக்கொண்டார்கள். அம்மா மறுக்கவில்லை. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவள் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. அவருடைய சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போனவள் நான். காய்ச்சல் வந்தால் தோளில் போட்டுக்கொண்டு கொழிஞ்சாம்பாறை டாக்டரிடம் ஓடியவர் அவர். அவரை மாப்பிள்ளையாக நினைத்துப் பார்க்க என் மனம் ஒருநாளும் முயன்றதில்லை.

சித்தூரில் பி.ஏ. பொருளாதாரம் முடித்தேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் அதுதான். பாலக்காடு எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பேரைப் பதிந்துவிட்டு வந்தேன். கூப்பிடவே இல்லை. கொழிஞ்சாம்பாறையில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டேன். பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் சொல்லிக்கொடுத்தேன். அவர்கள் வீட்டில் தேங்காயும் நிலக்கடலையும் கொடுத்தார்கள். தவணை தொடங்கிவிட்டது. முதல் தவணையை அப்பா பருத்தி விற்ற காசில் கட்டினார். அடுத்ததற்கு நோட்டீஸ் வந்தது. அது ஜாமீன்தாரரான மாமாவுக்கும் போயிற்று. அவர் அதைக் கையில் ஆட்டிக்கொண்டே வந்தார்.

"அம்மிணி, எம்பட பேருக்கு கவர்மெண்ட்ல இருந்து காயிதம் வந்திருக்குது பாரு. இதுவரைக்கும் ஒருத்தனும் எனக்கு ஒரு கார்டு போட்டதில்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பதறிப்போனார். "அட, சும்மா சொன்னேங் கண்ணு. இந்தத் தவணை நான் கட்டிப்போடறேன். உனக்கு வேலை கெடைச்சா குடு. கெடைக்காட்டி டைப் அடிச்சுக் குடு," என்றார். எதை டைப் அடிப்பது என்று கேட்டேன். "மாட்டுக்கு ஜாதகம் அடிச்சுக் குடு," என்றார். அழுதுகொண்டே சிரித்தேன்.

மறுவருஷம் வேலை வந்தது. தபால் தந்தி இலாகாவில் டெலிபோன் ஆபரேட்டர். எஸ்.எஸ்.எல்.சி. மார்க்கைப் பார்த்து எடுத்தார்கள். பட்டம் தேவைப்படவே இல்லை. பெரியப்பா வீட்டில் இது பெரிய வேடிக்கையாகிவிட்டது. பத்தாம் வகுப்புக்குக் கிடைக்கிற வேலைக்குக் கடன் வாங்கிப் பி.ஏ. படித்தாளாம் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார்கள். எனக்கும் அது உள்ளுக்குள் குத்தியது. ஆனாலும் வேலை வேலைதான். எர்ணாகுளத்தில் பயிற்சி முடிந்ததும் சாந்தன்பாறைக்குப் போட்டார்கள். புதிதாக ஏற்பட்ட இடுக்கி ஜில்லாவில், பூப்பாறைக்குப் பக்கத்தில் ஏலக்காய் மலை. அந்த மலைக்குப் போக எல்லோரும் தயங்கியதாகவும், தமிழும் மலையாளமும் ஒன்றுபோலப் பேசுகிறவள் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்ததாகவும் பிறகு சொன்னார்கள்.

அம்மா ஒரே பிடியாக நின்றாள்.

"அத்தனை தூரத்துக்கு வயசுப் புள்ளையத் தனியா அனுப்பிச்சா ஒறம்பரை சொந்தமெல்லாம் என்ன பேசுவாங்க?"

"தனியா எங்கக்கா போறா? நான் கொண்டுபோயி உட்டுட்டு வாறேன்," என்றார் மாமா.

"நீ உட்டுட்டு வந்துருவே. அப்பறம்?"

"அப்பறம் அவ வேலை பாப்பா. அதுக்குத்தான போறா?"

அம்மா என் துணிமணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அவர்தான் கட்டிக்கொள்ளப் போகிறவர், அவருக்கே ஆட்சேபணை இல்லையென்றால் நமக்கு என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

பொள்ளாச்சியில் பஸ் ஏறி, உடுமலை, பழனி, தேனி என்று மாறி மாறிப் போடி வந்து சேர்ந்தோம். என் படுக்கையைத் தலையிலும் நெய்த் தூக்கைக் கையிலும் வைத்துக்கொண்டு மாமா எனக்கு முன்னால் நடந்தார். போடியிலிருந்து மலை ஏறும் பஸ்ஸில்தான் அவர் பாடு திண்டாட்டமாகிவிட்டது. பிறந்ததிலிருந்து சமதரையிலேயே இருந்தவர். வளைவுக்கு வளைவு ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தார். போடிமெட்டில் பஸ் நின்றபோது கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, மேல்துண்டால் காதை மூடிக்கொண்டு, கீழே தெரிந்த சமவெளியைப் பார்த்தார்.

"அம்மிணி, இந்தச் சரிவுல மாடு எப்படி மேயும்? உருண்டு போயிராதா?"

அவ்வளவு அவஸ்தையிலும் அவருக்கு மாட்டு நினைப்புதான்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்பது தகரக் கூரை போட்ட இரண்டு அறை. அங்கே சீனியராக இருந்தவர் கோட்டயம் பக்கத்து அக்கா. நாங்கள் சேச்சி என்று கூப்பிடுவோம். வெளியாள் உள்ளே வரக் கூடாது என்பது விதி. வாசலில் குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற மாமாவைப் பார்த்து அவர் மனம் இளகிவிட்டது. ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தார்.

முதல் நாளே என்னைப் போர்டுக்கு முன்னால் உட்காரச் சொன்னார்கள். எஸ்டேட்டுகளின் எண்கள் வரிசையாக இருக்கும். யாராவது கைப்பிடியைச் சுற்றினால் அவர்கள் எண்ணுக்கு மேலே இருக்கும் சின்ன மூடி டப்பென்று விழும். கயிற்றை எடுத்துச் சொருகி, யார் வேண்டும் என்று கேட்க வேண்டும். தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு நான் பேசினேன். ஒரு மானேஜர் இங்கிலீஷில் கேட்டார். ஏலக்காய் ஸ்டோரிலிருந்து ஒருவர் மலையாளத்தில் கேட்டார். போடி வியாபாரி ஒருவர், "தாயி, லைன் கெடைக்குமா கெடைக்காதா? வெயிலு இறங்குறதுக்குள்ள வெல சொல்லணும் தாயி," என்று கெஞ்சினார். அவரவருக்கு அவரவர் பாஷையில் பதில் சொல்லிக் கயிறுகளை மாற்றி மாற்றிச் சொருகினேன். பயம் இருந்தது. அதைவிட, கை தானாக ஓடுவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. இடையில் திரும்பிப் பார்த்தேன். மாமா ஸ்டூலில் அசையாமல் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குத் திரும்பப் பஸ் ஏறும்போது அவர் அதிகம் பேசவில்லை. மலைப்பாதைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். என் தலையில் கை வைத்து, "ஸ்வெட்டர் வாங்கிக்கோ," என்று மட்டும் சொன்னார்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியோடு ஒரே அறையில் தங்கினேன். மழைக்காலத்தில் துணி காயாது. அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போட்டு, புகை வாசனையோடு உடுத்திக்கொண்டு போவோம். காற்று பலமாக அடித்தால் மரம் விழுந்து லைன் அறுந்துவிடும். லைன்மேன் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பார். அதுவரை எல்லா எஸ்டேட்டுக்காரர்களும் எங்களைத் திட்டுவார்கள். எதற்கெடுத்தாலும் நான் 'ஏனுங்க', 'சொல்லுங்க', 'இருங்க', 'லைன் இல்லீங்க' என்று இழுப்பது தென்பக்கத்துக்காரர்களுக்கு வேடிக்கையாக இருந்தது. போடி வியாபாரிகள் எனக்கு 'ஏனுங்க' என்றே பேர் வைத்துவிட்டார்கள். "ஏனுங்க இருக்கா போர்டுல? அப்ப நம்ம கால் கெடைச்சிரும்" என்று அவர்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும்.

சம்பளம் வந்ததும் ரூம் வாடகை, சாப்பாட்டுச் செலவு போக, தவணைக்கென்று தனியாக எடுத்து அப்பாவுக்கு மணியார்டர் அனுப்பிவிடுவேன். அவர் சித்தூருக்குப் போய்க் கட்டுவதாக ஏற்பாடு. முதலில் ஒழுங்காக நடந்தது.

ஒரு நாள் மத்தியானம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு டிரங்க்கால் வந்தது. நான்தான் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் யாரோ கிணற்றுக்குள் கத்துவதுபோலக் கத்தினார்கள்.

"ஏனுங்க, சாந்தன்பாறை டெலிபோன் ஆபீசுங்களா? அங்க எங்க அக்கா மக ஒரு புள்ள வேலை பாக்குதுங்க. கொஞ்சம் கூப்பிட முடியுமுங்களா?"

"மாமா, நான்தானுங்க."

"இல்லீங்க, எங்க அக்கா மக. பி.ஏ. படிச்ச புள்ள."

"மாமா, நான்தான் மாமா! அம்மிணி!"

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "அட, நீயா? ஆபீசர் அம்மாளாட்டப் பேசறியே!"

பிறகு செவலை கன்று போட்டதையும், கன்று கிடேரி என்பதையும், நெற்றியில் வெள்ளை இருப்பதையும் விவரமாகச் சொன்னார். மழை, சோளம், அம்மாவின் முழங்கால் வலி எல்லாம் வந்தன. காசு ஓடுகிறதே என்று எனக்குப் பதைப்பாக இருந்தது. நேரம் முடியப்போகிறது என்றபோதுதான், "அப்பறம் அம்மிணி, வில்லேஜ் ஆபீசர் வந்திருந்தாரு. நம்ம செவலையச் சுத்திச் சுத்திப் பாத்துட்டு எழுதிக்கிட்டுப் போனாரு. ஒண்ணுமில்ல, நீ வெசனப்படாதே..." என்றார். அத்துடன் லைன் கட்டாகிவிட்டது.

எனக்கு விளங்கிவிட்டது. தவணை கட்டப்படவில்லை. ஜப்திக்கு ஆள் வந்திருக்கிறது.

அப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். அவர் பதில் எழுதாமல் அடுத்த வாரமே நேரில் வந்துவிட்டார். கிணற்று மோட்டார் எரிந்துபோயிருக்கிறது. கரும்பு கண் முன்னால் காய்ந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அனுப்பிய பணத்தை மோட்டாருக்குப் போட்டுவிட்டார். வெட்டு முடிந்ததும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்று நினைத்தாராம். என் அறை வாசலில், உள்ளே வரக் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார்.

"உன்ற காசை எடுக்கறமேன்னு இருந்துச்சு கண்ணு. பயிரைப் பாத்தா மனசு கேக்கலே."

என்னால் கோபப்பட முடியவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் மாமாவின் மாடு ஜப்திக்குப் போவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சேச்சியிடம் சொன்னேன். அவர் ஒரு குறிச் சீட்டு நடத்திக்கொண்டிருந்தார். தன் முறைக்கு வரவேண்டிய பணத்தை எனக்குக் கொடுத்து, மாதாமாதம் சம்பளத்தில் திருப்பித் தரச் சொன்னார். அந்தப் பணத்தை அப்பாவிடமே கொடுத்து அனுப்பினேன். மறுபடியும் அவரிடமா என்று சேச்சிக்கு ஆச்சரியம். அவரை நம்பவில்லை என்று காட்டிவிட்டால் அவர் இறங்கிப்போகும் அந்த மலைப்பாதை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டு போவார் என்று எனக்குத் தோன்றியது. அப்பா பஸ்ஸைவிட்டு இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் சித்தூருக்குப் போய்க் கட்டிவிட்டு, ரசீதைத் தபாலில் அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு அவரே, "இனிமே உன்ற மாமனுக்கே அனுப்பிப்போடு, எங்கிட்ட இருந்தா நிலம் குடிச்சுப்போடும்," என்று சொல்லிவிட்டார்.

அடுத்த தைப் பொங்கலுக்கு லீவில் ஊருக்கு வந்தேன். வீட்டில் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பொங்கலுக்காக என்று நினைத்தேன். மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மாசியில முகூர்த்தம் இருக்குது. மாமனுக்கும் வயசாகுதல்ல? இன்னும் எத்தனை நாளைக்குத் தனியாப் பொங்கித் திங்கும்?"

"வேலை?"

"எழுதிக் குடுத்துட்டு வா. மீதிக் கடனை மாமனே கட்டிக்கும். ஒப்புப் போட்டதே அதுதானே?"

என்னிடம் யாரும் கேட்கவில்லை என்பதைவிட, இதில் யார் பேரிலும் தப்புச் சொல்ல முடியவில்லை என்பதுதான் என்னை வதைத்தது. எனக்காகத் தன் நிலத்தை ஈடு வைத்தவரை, ஜப்திக்காரன் வந்தபோதும் சிரித்தவரை, வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? வேண்டும் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவர் மாட்டை விட்டு மலைக்கு வரமாட்டார். நான் போர்டை விட்டு வர வேண்டும். அதையும் தாண்டி, அவர் எனக்கு மாமா. அவ்வளவுதான்.

விடிந்ததும் நேராக அவருடைய கட்டுத்தரைக்குப் போனேன். செவலைக்கு அடியில் குந்தி உட்கார்ந்து பால் பீய்ச்சிக்கொண்டிருந்தார். முந்தின நாள் பூசிய மஞ்சள் இன்னும் அதன் கொம்பில் இருந்தது.

"மாமா, ஒண்ணு கேக்கோணுமுங்க."

"கேளு."

"எனக்கு ஒப்புப் போட்டீங்களே, அது என்னையக் கட்டிக்கலாம்னு நெனச்சுத்தான் போட்டீங்களா?"

பால் செம்பில் விழும் சத்தம் நிற்கவில்லை. மறுப்பார் என்று நினைத்தேன். சே சே, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்வார், நாமும் நிம்மதியாகத் திரும்பிவிடலாம் என்று வந்திருந்தேன்.

"ஆமா," என்றார். "அப்படி நெனச்சுத்தான் போட்டேன்."

பக்கத்தில் இருந்த கல்தொட்டியின் மேல் உட்கார்ந்தேன்.

"பொய் சொல்ல மாட்டேன் அம்மிணி. நாலெழுத்துப் படிச்ச புள்ள நம்மூட்டுக்கு வந்தா நல்லா இருக்குமேன்னு ஒரு ஆசை. அக்காளும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. ஆனா உன்னையக் கொண்டுபோயி உட்டனே, அன்னிக்கே அது போயிருச்சு."

"எதுனால மாமா?"

"அந்தக் கயித்த மாட்டி மாட்டி நீ பேசினியே. ஒருத்தன்கிட்ட மலையாளம், ஒருத்தன்கிட்ட இங்கிலீசு. உன்ற மூஞ்சிய அப்பத்தான் நல்லாப் பாத்தேன். இந்தப் புள்ளையக் கொண்டாந்து இந்தக் கட்டுத்தரையில நிறுத்தினா அது பாவம்டான்னு தோணுச்சு. பஸ்ஸுல வாறப்ப கொஞ்சம் வெசனமாத்தான் இருந்துச்சு. அப்பறம் வாந்தி எடுக்கறதுல அதுவும் மறந்துபோச்சு."

நான் அழ ஆரம்பித்தேன். அவர் பால் செம்பை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எதுக்கு அழுகறே? கடன் தீர்ற வரைக்கும் ஜாமீன் நான்தான். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது வேற, இது வேற."

"அம்மாகிட்ட என்னன்னு சொல்றது மாமா?"

"நீ ஒண்ணும் சொல்லாதே. வாயை மூடிக்கிட்டு இரு."

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவர், அம்மா இலை போட்டதும், உட்கார்வதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"அக்கா, எனக்கு உன்ற மக வேண்டாம்."

அம்மா சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"டெலிபோன்காரியெல்லாம் நமக்குச் சரிப்படாதக்கா. ஒரு மாட்டுக்குப் பால் கறக்கத் தெரியுமா அவளுக்கு? எனக்குக் கட்டுத்தரையப் பாக்கற புள்ளதான் வேணும்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா வெடித்துவிட்டாள். இத்தனை வருஷம் ஊரெல்லாம் பேசவிட்டு இப்போது வேண்டாம் என்கிறாயா, உன்னை இடுப்பில் வைத்து வளர்த்ததற்கு இதுவா என்று கத்தினாள். மாமா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, இலையில் உட்கார்ந்து, ரசம் வரை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். நான் அடுப்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஓரடி எடுத்து வைத்தேன். அவர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். நின்றுவிட்டேன்.

அம்மா அதற்குப் பிறகு அவரோடு பேசவே இல்லை. அவர் கொண்டுவந்து வைக்கும் பாலை மட்டும் எடுத்துக்கொள்வாள். என் மேல் அவளுக்கு இரக்கம் பெருகிவிட்டது. தம்பியே கைவிட்ட பிள்ளை, இனி அவளுக்கு வேலைதான் துணை என்று எண்ணி, வேலையை விடச் சொல்வதை நிறுத்திவிட்டாள். மாமா கணக்குப் போட்டுத்தான் அதைச் செய்தாரா, தற்செயலாக அமைந்ததா, எனக்குத் தெரியாது.

அடுத்த ஆவணியில் அவருக்குக் கல்யாணம். கோபாலபுரம் பக்கத்துப் பெண். அம்மா முறைப்பாக வந்து நின்றவள், தாலி கட்டும் நேரத்தில் அழுது தீர்த்துத் தம்பியோடு ராசியாகிவிட்டாள். அதற்கு மறுவருஷம் என் கடைசித் தவணையும் முடிந்தது. தாலுகா ஆபீசில் பத்திரத்தை ரத்து செய்து கொடுத்தார்கள். அன்று மாமாவுக்கு ஒரு கம்பளிப் போர்வை வாங்கிக் கொடுத்தேன். மீனாட்சிபுரத்து வெயிலில் அதை என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, கன்றுக்குட்டிக்குப் போர்த்திவிட்டார்.

கடன் தீர்ந்ததும் கை காலியாக இருப்பதுபோல ஓர் உணர்வு. பட்டதாரிகள் எழுதக்கூடிய இலாகாத் தேர்வு ஒன்று இருப்பதாகச் சேச்சி சொன்னார். தேவையே இல்லாமல் படித்தாளாம் என்று சிரித்த அந்தப் பி.ஏ.வுக்கு முதல் தடவையாக ஒரு வேலை வந்தது. டியூட்டி முடிந்து அறைக்கு வந்து படிக்க ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மாமாவும் அத்தையும் சாந்தன்பாறைக்கு வந்தார்கள். அத்தை என்னைவிடச் சின்னவள். மாமன் பெண்டாட்டி என்பதால் முறைக்கு அத்தை. மலைப்பாதையில் மாமா வழக்கம்போல வாந்தி எடுத்துக் களைத்து என் கட்டிலில் படுத்துவிட்டார். அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, நர்ஸ் வேகவைத்துக் கொடுத்த மரவள்ளிக் கப்பையை மிளகாய்ச் சட்னியில் தோய்த்துத் தின்றுகொண்டே, திடீரென்று கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனக்க மாட்டீங்களே? இவரு உங்கள வேண்டாம்னு சொன்னாரா, நீங்க இவர வேண்டாம்னு சொன்னீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டிலைப் பார்த்தேன். மாமா நல்ல தூக்கம். இவளிடம் மறைக்க வேண்டாம் என்று தோன்றியது. கட்டுத்தரையில் நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ஆசைப்பட்டதையும் விடாமல் சொன்னேன். அவள் கப்பைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். முகம் வாடவில்லை.

"எனக்கு அப்பவே தெரியுமுங்க," என்றாள். "இந்த மனுசனுக்கு வேண்டாம்னு சொல்ல வருமா? யாவாரி வந்து மாட்டைப் பாதி வெலைக்குக் கேட்டாலும் சரீங்கறவரு. பால் கறக்கத் தெரியாதுன்னு உங்களை வேண்டாம்னாருன்னு ஊருக்குள்ள சொன்னாங்க. எனக்கு நம்பிக்கையே வரலே. ஏன்னா, எனக்கும் தெரியாதுங்களே."

"உங்களுக்குப் பால் கறக்கத் தெரியாதா?"

"எங்கூட்டுல எப்பவும் ஆளுதான் கறக்கும். இப்பவும் இவருதான் கறக்கறாரு."

இருவரும் சிரித்த சிரிப்பில் மாமா விழித்துக்கொண்டார். என்ன என்று கேட்டார். கப்பை நன்றாக இருக்கிறது என்றாள் அத்தை.

தேர்வில் ஒரு தடவை தவறி, அடுத்த தடவை தேறினேன். பாலக்காட்டுக்கு மாற்றல் வந்தது. மேற்பார்வை வேலை, கூடுதல் சம்பளம். சாந்தன்பாறையைவிட்டுக் கிளம்பும்போது சேச்சி அழுதார். போடி வியாபாரி ஒருவர் ஒரு பொட்டலம் ஏலக்காய் கொடுத்துவிட்டார். கொஞ்ச காலம் கழித்து எனக்கும் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துச் சொன்னது அத்தைதான். பெண் பார்க்க வந்த அன்று, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சபை நடுவில் வந்து நின்றாள்.

"பொண்ணு வேலையை விடாதுங்க. சம்பளத்துல அவங்க அப்பா அம்மாளுக்கும் குடுக்குமுங்க. இதுக்குச் சம்மதம்னா காப்பி குடிங்க. இல்லீன்னா வெயில்ல வந்திருக்கறீங்க, மோரு வெச்சிருக்கறேன், குடிச்சுட்டுப் போங்க."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா வாசலுக்குப் போய் மாட்டைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் அப்பா மகனைப் பார்த்தார். மகன் கையை நீட்டிக் காப்பியை எடுத்துக்கொண்டார்.